கைதட்டிவிட்டுக் கலைந்து போகவா இந்தப் படம்?

மார்ச் 8 வந்தால் கல்லூரிகளில் செய்வதற்கென்றே சில காரியங்கள் உண்டு. ஒரு கோலப்போட்டி, ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு பொன்னாடை. கொஞ்சம் விவரமான ஆட்கள் இருந்தால் ஊடகப் பெண்களைப் பற்றி ஓர் ஆவணப்படம். படம் முடிந்ததும் கைதட்டல், குரூப் போட்டோ, சமோசா. முடிந்தது பெண்ணுரிமை!

பொத்தேரியிலும் காட்டாங்குளத்தூரிலும் ரயிலை விட்டு இறங்கும் கூட்டத்தில் விஸ்காம், இதழியல் படிக்கும் பெண்களும் உண்டு. நாளைக்கு மைக் பிடிக்கப் போகிறவர்கள். அவர்களுக்கு இந்தச் சடங்கு போதுமா? போதாது.

'ரைட்டிங் வித் ஃபயர்' படத்தையே எடுத்துக்கொள்வோம். ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் இயக்கி 2021 இல் வந்தது. உத்தரப்பிரதேசத்துச் சித்திரகூட்டில் 2002 இல் தொடங்கிய 'கபர் லஹரியா' பத்திரிகையின் தலித் பெண் நிருபர்கள்தான் கதை. அச்சுப் பத்திரிகையிலிருந்து கைபேசி வீடியோவுக்கு மாறுகிறார்கள். சட்டவிரோதச் சுரங்கம், பாலியல் வன்முறை என்று எதையும் விடாமல் போய், போலீஸ்காரரிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார்கள். சண்டான்ஸ் விழாவில் விருது வாங்கி, ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை போன படம்.

2022 மார்ச்சில், ஆஸ்கர் விழாவுக்குச் சில நாள் முன்பு, கபர் லஹரியாவே ஓர் அறிக்கை விட்டது. படம் மனதைத் தொடுகிறது, ஆனால் ஒரே கட்சியைப் பற்றிய செய்திகளிலேயே மூழ்கிக் கிடக்கும் நிறுவனமாக எங்களைக் காட்டுவது சரியல்ல என்றது.

உலகமே கொண்டாடும்போது எதற்கு இந்த முணுமுணுப்பு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் நிருபர்கள், ஐயா! தகவல் தவறென்றால் தவறு என்று சொல்வதுதான் அவர்கள் தொழில். இயக்குநர்களுக்குத் தங்கள் பார்வையில் படமெடுக்க உரிமை உண்டு. படத்தில் இருப்பவர்களுக்கு மறுத்துப் பேசவும் அதே உரிமை உண்டு. படத்தைப் போட்டுவிட்டு அறிக்கையை மறைத்தால், அந்தப் பெண்களைத் திரையில் பேசவிட்டு வெளியில் வாயை மூடுவதாகத்தான் அர்த்தம்.

அடுத்த சாக்கு: "அதெல்லாம் வடக்கே. வை.மு.கோதைநாயகி 1925 இலேயே 'ஜகன்மோகினி'யை எடுத்து நடத்திய ஊர் இது."

சரி. அந்த ஊரில்தான், 2018 ஏப்ரலில், கல்லூரி மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்ததாகக் கிளம்பிய ஒலிப்பதிவு விவகாரம் பற்றி விளக்க ஆளுநர் மாளிகையில் நிருபர்களைக் கூப்பிட்டார்கள். அங்கே கேள்வி கேட்ட பெண் நிருபரின் கன்னத்தில் தட்டினார் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித். பிறகு மன்னிப்புக் கேட்டார். அதே வாரத்தில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை முகநூலில் பகிர்ந்தார் எஸ்.வி.சேகர். சென்னைச் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது 2024 பிப்ரவரியில். கிட்டத்தட்ட ஆறு வருஷம்! வடக்கைப் பார்த்து உச்சுக் கொட்ட யாருக்கு யோக்கியதை?

அதனால் படத்தைப் போடட்டும். கூடவே அந்த அறிக்கையையும் வாசிக்கட்டும். பிறகு சிறப்பு விருந்தினர் 'தன்னம்பிக்கை' பற்றிப் பேசுவதற்குப் பதில், நாளைக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவிக்கு உதவுகிற ஒரு விஷயத்தைச் சொல்லட்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 ஆம் வருஷச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு பெண்ணிடம் இருக்க வேண்டும். குழு அமைத்த ஆணையை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டி வைக்க வேண்டும். சம்பளம் இல்லாத பயிற்சியாளருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். கல்லூரிக்கும் பொருந்தும்.

அந்தக் காகிதம் எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று, படம் பார்த்த அத்தனை பேரும் எழுந்து போய்த் தேடட்டும். சமோசாவை அப்புறம் சாப்பிடலாம்.