பூட்டிக் கிடக்கும் மைதானங்கள்

2012 பிப்ரவரி 9 அன்று, பாரிமுனையை அடுத்த ஆர்மீனியன் தெருவில், நமது கத்தோலிக்கப் பள்ளியொன்றின் வகுப்பறையிலேயே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையைக் குத்திக் கொன்றான். அன்று பழி ஓர் இந்தித் திரைப்படத்தின்மேல் விழுந்தது. இன்று அந்த இடத்தில் கைப்பேசி விளையாட்டை வைத்திருக்கிறோம். இராயபுரமோ எண்ணூரோ, அன்பியக் கூட்டத்தில் மாணவர் சண்டை பற்றிப் பேச்செழுந்தால், "பப்ஜி ஆடிக் கெட்டான்" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது.

இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. அவ்விளையாட்டுகள் நல்லவை என்பதனால் அன்று. வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டு நடத்தைக்கும் சிறு தொடர்பு உண்டு என அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தீர்மானித்தது; கொடிய வன்செயல்களுக்கு அவற்றைக் காரணமாக்கப் போதிய சான்று இல்லை என்றும் அதே தீர்மானம் எச்சரித்தது. முற்பகுதி பெற்றோருக்கு, பிற்பகுதி, மேடையில் பேசும் நமக்கு.

தடைசெய்தால் தீரும் என்போர் உளர். நடுவணரசு 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடைசெய்தது. சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. பிள்ளைகளின் மனநலம் அன்று. மறு ஆண்டே அது வேறு பெயரில் திரும்பிற்று. கைப்பேசியை அவர்கள் கையில் கொடுத்ததோ நாமே: பெருந்தொற்றில் பள்ளிகள் மூடியபோது, பாடத்துக்கென்று கடன்பட்டு வாங்கினோம்.

வேறெங்கே ஆடுவான் அவன்? திருவொற்றியூர்க் கரையின் மணலைக் கடல் அரித்தது. அங்கே பாறைகளைக் கொட்டினார்கள். சாலை, துறைமுகம் செல்லும் கண்டெய்னர் லாரிகளுக்கு. தந்தைக்கு இரவு ஷிப்ட்; தாய் விடியுமுன் காசிமேட்டில் மீன் எடுக்கப் போகிறாள். பையன் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்ததை யார் கண்டார்? தூங்காமல் வந்து வகுப்பில் எரிந்து விழுபவனை 'ரவுடி' என்கிறோம். (வடசென்னைப் பிள்ளைக்கு அச்சொல் எத்தனை விரைவில் கிடைத்துவிடுகிறது!)

ஒரு பலகையும் சில காய்களும் போதும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, இப்பகுதி ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள்.

நம் பள்ளிகளில் மைதானம் உண்டு. பல இடங்களில் மாலை நான்கரைக்குப் பூட்டும் உண்டு. கண்ணாடி உடையும், அடிபட்டால் யார் பொறுப்பு என்கிறோம். நாமும் அப்படிச் சொன்னவர்தாம். அச்சாவிகளுள் ஒன்று இன்னும் நம் மேசையறையில் கிடக்கிறது.