கீழ் வீட்டையும் நினையுங்கள்!

எங்கள் வீடு குன்னூரில், சரிவான இடத்தில் இருக்கிறது. பின்பக்கம் இரண்டு சென்ட் காலி இடம். பூராவும் களிமண். மழைக்காலத்தில் மேலிருந்து இறங்கும் தண்ணீர் வடியாமல், காலை வைத்தால் சொதசொதவென்று உள்ளே போகும். கேரட், பீட்ரூட் எது போட்டாலும் அழுகித்தான் போகும்.

நாலு வருடத்துக்கு முன், "ஒரே சுவரா எழுப்பி மண்ணை நிரப்பிட்டா சமதளமாயிடும்" என்றார் மேஸ்திரி. ஐந்தடி உயரத்துக்கு சிமெண்ட் சுவர் எழுப்பினார். தண்ணீர் வடிய ஒரு துளை கூட விடவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த ஐப்பசி மழையில் ஈர மண் தள்ளித் தள்ளி, ஒருநாள் காலையில் சுவர் அப்படியே கீழ் வீட்டுக் குளியலறை மேல் சரிந்து விட்டது. அந்த வீட்டு அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அரை மணிக்கு முன்புதான் குளித்து விட்டு வேலைக்குப் போயிருந்தார். இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். ஆத்திரம் தீரத் திட்டினார். அப்புறம் அவரே, "ஏம்மா, மலையில தண்ணிய மறிச்சா நிக்குமா? எங்க தோட்டத்துல சரிவுக்குக் குறுக்கே வாய்க்கா வெட்டி வச்சிருக்கிறதப் பாத்ததில்லையா? முதல்ல தண்ணிக்கு வழி காட்டு. அப்புறம் மண்ணைப் போடு" என்றார்.

முதலில் குளியலறையைக் கட்டிக் கொடுத்தோம். பிறகு, அவர் சொன்னபடி தோட்டத்தின் மேல் ஓரத்தில் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, தெருச் சாக்கடையில் சேர்த்தோம். ஒரே சுவருக்குப் பதில், இரண்டடி உயரத்தில் மூன்று படிகள். சிமெண்ட் இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கி, அடிக்கல்லை அரையடி மண்ணுக்குள் புதைத்து, சுவர் சற்றே மேட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும்படி கட்டினோம். பின்னால் ஒரு சாண் அகலத்துக்கு ஜல்லி போட்டதால், தண்ணீர் கல் இடுக்கு வழியாகக் கசிந்து போய் விடுகிறது. ஒவ்வொரு படியிலும் மண்ணோடு மட்கிய சாணி எருவும் மணலும் கலந்து, முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போட்டோம். இரண்டு பக்கமும் நின்று களை எடுக்க மூன்றடி அகலம் போதும். இப்போது கேரட், பீன்ஸ், மல்லி, புதினா எல்லாம் நன்றாக வருகிறது. முதல் பறிப்பு அக்கா வீட்டுக்குத்தான்!

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் உயிரிழந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆனாலும் நம் வீட்டுச் சுவர் என்று வரும்போது மட்டும் அந்த பயம் வருவதில்லை.

மலைப்பகுதியில் இருக்கும் சகோதரிகளே! "சுவர் கட்டுறது ஆம்பளைங்க வேலை" என்று ஒதுங்கி நிற்காதீர்கள். "தண்ணி எப்படி வெளியே போகும்? எங்கே போய் விழும்?" என்று இந்த இரண்டு கேள்வியையும் கேட்டு விட்டு முதல் கல்லை வைக்கச் சொல்லுங்கள். மூன்றடிக்கு மேல் சுவர் என்றால் பொறியாளரைக் கேட்காமல் கட்ட வேண்டாம். நம் தோட்டம் செழிப்பது முக்கியம்தான். அதற்காகக் கீழ் வீட்டில் இருப்பவர்கள் பயந்து கொண்டு தூங்கக் கூடாது, இல்லையா?

- ஒரு வாசகி, குன்னூர்.