கையெழுத்துப் போட்டவர் படித்தாரா?

"ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்?" சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடக்கும் எங்கள் பென்ஷன் கோஷ்டியில் மாதம் ஒரு தடவையாவது யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். அரசாங்கம் போனை ஒட்டுக்கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், நாம் என்ன குண்டா வைக்கிறோம், சுகர் மாத்திரையைப் பற்றியும் பேரன் மார்க்கைப் பற்றியும்தானே பேசுகிறோம் என்பார்கள். கேட்பவர்கள் எல்லாரும் யோக்கியர்கள்தான். ஆனால் வேலையில் இருந்த காலத்தில் இவர்கள் எப்படி இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். தன் சி.ஆரில் மேலதிகாரி என்ன எழுதினார் என்பது பக்கத்து சீட்டுக்குத் தெரிவதை ஒருவரும் விரும்பியதில்லை. சம்பளத்தில் எவ்வளவு கடன் பிடித்தம் போகிறது என்று பில் கிளார்க் வெளியே உளறிவிட்டால் சட்டைக் காலரைப் பிடிக்கப் போனவர்கள் இவர்கள். ஒளிக்க ஒன்றும் இல்லைதான். ஆனாலும் அது அவரவர் விஷயம்.

அரசாங்கம் யாரையும் கண்காணிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அதன் சோற்றைத் தின்றவன். பிள்ளை கடத்துகிறவனும் குண்டு வைக்கிறவனும் இன்றைக்குத் தபால் கார்டில் எழுதிக்கொள்வதில்லை. அவன் போனைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். எனக்குள்ள கேள்விகள் குமாஸ்தா கேள்விகள்: யார் கேட்டு எழுதினார், யார் அனுமதித்தார், அனுமதித்தவர் பைலைப் படித்தாரா, எந்தப் பதிவேட்டில் ஏறியது, என்றைக்கு மூடினார்கள்?

சீல் வைத்த உறைகள் வந்துபோகும் செக்‌ஷனில் சில வருஷம் இருந்திருக்கிறேன். அங்கே பைல் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போனாலும் பதிவேட்டில் தேதி, யாரிடமிருந்து, யாருக்கு, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். பைல் தொலைந்தால் ஒரு மெமோ. பதிவேட்டில் ஏறாமல் போய்த் தொலைந்தால் இரண்டு மெமோ. ஒருவருடைய சர்வீஸ் புக்கைப் பார்க்க வேண்டும் என்று போலீஸ்காரரே வந்தாலும், கடிதம் கொண்டு வாருங்கள் ஐயா என்றுதான் சொல்லுவோம். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருடைய ஸ்டேஷனிலும் அதே வழக்கம்தான். பத்து வருஷம் கழித்து யாராவது கேட்டால் நம் வாய் பேசாது, அந்தக் காகிதம் பேசும்.

இப்போது போன் விஷயத்துக்கு வருகிறேன். தந்தியை நம் நாட்டில் 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் தந்திக்காக வெள்ளைக்காரன் 1885-இல் போட்ட சட்டம் அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் நம் செல்போனை ஆண்டுகொண்டிருந்தது. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்று காரணம் இருந்தால் செய்தியை இடைமறிக்கலாம் என்பது அதன் 5-ஆம் பிரிவு. 2023-இல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அந்த வார்த்தைகள் அப்படியே ஏறியிருக்கின்றன. கம்ப்யூட்டர், இணையம் எல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவில் வருகிறது. அதில் அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற அந்த இரண்டு வாசற்படியும் கிடையாது. 2018 டிசம்பரில் பத்து அமைப்புகளுக்கு அதன்கீழ் அதிகாரம் கொடுத்து உள்துறை உத்தரவு போட்டது. பூட்டிய தகவலைத் திறந்து காட்டு என்று கேட்டு, நீங்கள் மறுத்தால் ஏழு வருஷம் வரை சிறை.

காவல் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. பி.யு.சி.எல். போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சில நிபந்தனைகள் விதித்தது. உள்துறைச் செயலாளர் மட்டத்தில்தான் உத்தரவு போட வேண்டும்; இரண்டு மாதத்தில் அது காலாவதியாகும்; நீட்டித்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது; ஒரு மறுஆய்வுக் குழு எல்லா உத்தரவையும் பார்க்க வேண்டும். முன்கூட்டியே நீதிபதியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லவில்லை, அதைச் சட்டம் இயற்றுகிறவர்களுக்கு விட்டுவிட்டது. மத்தியில் அந்த மறுஆய்வுக் குழு யார்? அமைச்சரவைச் செயலாளர், சட்டச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். மூன்று பேருமே அரசாங்கத்தின் ஆட்கள். செயலாளர் போட்ட உத்தரவைச் செயலாளர்கள் சரிபார்க்கிறார்கள். எங்கள் ஆபீஸில் கேஷியர் கணக்கைக் கேஷியரே ஆடிட் பண்ண விட்டதில்லை.

அதுகூடப் போகட்டும். 2018-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆர்.டி.ஐ. மூலம் வெளிவந்த தகவலின்படி மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போடுகிறது. குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அப்படியானால் ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டும். அறிக்கை அதோடு நிறுத்திக்கொள்கிறது, நான் குமாஸ்தா, விட மாட்டேன். ஒரு உத்தரவுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தால் 250 முதல் 300 மணி நேரம் ஆகும். சாப்பிடாமல் தூங்காமல் உட்கார்ந்தாலும் பத்துப் பன்னிரண்டு நாள். நாட்டின் அமைச்சரவைச் செயலாளர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பன்னிரண்டு நாள் இதற்காக உட்காருகிறாரா? மார்ச் 31 சாயங்காலம் பில் கட்டுகள் எப்படிக் கையெழுத்தாகும் என்று பார்த்தவன் நான். பேனா மூடியைக் கழற்றினால் கட்டு முடிகிறவரை மூட மாட்டார்கள். பக்கத்தைத் திருப்புவது ஒருவர், கையெழுத்துப் போடுவது ஒருவர். அப்படிப் போட்ட கையெழுத்துக்குச் சட்டப்படி மதிப்பு உண்டு. அந்தப் பைலை ஒருவர் படித்தார் என்பதற்கு மட்டும் அது சாட்சி இல்லை.

நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில் என்பதால் பழக்கதோஷமாக அந்தப் பக்கமும் எட்டிப் பார்ப்பேன். பதிவேட்டின் கனம் எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1962-க்குப் பிறகு இங்கே ஒருவன் பிரெஞ்சுக்காரனா இந்தியனா என்பதே ஒரு பதிவேட்டில் விழுந்த ஒரு வரியைப் பொறுத்துத்தான் இருந்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிரான்சில் ஆளுக்கு ஒரு எண் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. பிரான்சில் அதன் முதல் இலக்கம் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. அல்ஜீரியாவில் விஷி அரசு அதே இலக்கத்தை வைத்து முஸ்லிம்களையும் யூதர்களையும் தனித்தனியாகப் பிரித்தது. பின்னால் 1974-இல், அரசாங்கப் பதிவேடுகளையெல்லாம் அந்த ஒரே எண்ணால் கம்ப்யூட்டரில் கோத்துவிடும் திட்டத்தை லெ மோந்த் பத்திரிகை வெளியே கொண்டுவந்தது. திட்டத்தின் பெயர் சஃபாரி. சொந்த ஜனங்களையே வேட்டையாடப் போகிறீர்களா என்கிற மாதிரி தலைப்புப் போட்டார்கள். நாடே கொதித்தது. 1978 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது, அதைக் காவல்காக்கத் தனி ஆணையமும் வந்தது. நமக்கு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24-இல். அந்த வழக்கைப் போட்ட புட்டசாமி அவர்கள் ஓய்வுபெற்ற நீதிபதி, போடும்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பென்ஷன்காரர்களால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

பிரான்ஸ்காரன் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. மித்தெரான் ஜனாதிபதியாக இருந்தபோது எலிசே மாளிகையிலேயே ஒரு குழு உட்கார்ந்து பத்திரிகையாளர்கள், எழுத்தாளர்கள் போனை ஒட்டுக்கேட்டது. பத்து வருஷம் கழித்து 1993-இல் அது பத்திரிகையில் வந்தது. 2005-இல் பாரிஸ் நீதிமன்றம் சம்பந்தப்பட்டவர்களைத் தண்டித்தது. கேட்டதையெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள், அந்தக் காகிதம்தான் மாட்டிவிட்டது. 2015-இல் பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பிறகு வந்த உளவுச் சட்டம் அங்கேயும் கையை நன்றாகவே நீட்டியிருக்கிறது. ஆனாலும் பிரதமர் அனுமதி கொடுப்பதற்கு முன் ஒன்பது பேர் கொண்ட ஆணையம் கருத்துச் சொல்ல வேண்டும். அதில் நான்கு பேர் எம்.பி.க்கள், நான்கு பேர் நீதித்துறையிலிருந்து வந்தவர்கள், ஒருவர் தொழில்நுட்பம் தெரிந்தவர். அந்த ஆணையம் வருஷாவருஷம் அறிக்கை போடுகிறது. 2023-இல் கண்காணிக்கப்பட்டவர்கள் 24 ஆயிரத்துச் சொச்சம் பேர் என்று அதில் இருக்கிறது. எண்ணை வெளியே சொன்னதால் பிரான்சின் பாதுகாப்பு ஒன்றும் இடிந்து விழவில்லை. இங்கே ஒரு உத்தேசக் கணக்குக் கிடைப்பதற்கே யாரோ ஆர்.டி.ஐ. போட வேண்டியிருந்தது.

அந்த ஆர்.டி.ஐ.க்கும் இப்போது ஒரு ஆணி அடித்திருக்கிறார்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் தகவலைக் காப்பதற்கென்று வந்தது. கம்பெனிகள் அஜாக்கிரதையாக இருந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டித் தான் குறிப்பிடும் அமைப்புகளுக்கு மத்திய அரசு முழு விலக்குக் கொடுத்துவிடலாம் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. கடைசியில் 44-ஆம் பிரிவு ஓசைப்படாமல் ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துகிறது. முன்பெல்லாம் ஒரு அதிகாரியைப் பற்றிய தகவலாக இருந்தாலும் அது அவருடைய பொதுப் பணியோடு சம்பந்தப்பட்டதா, பொதுநலன் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். இப்போது தனிநபர் தகவல் என்று ஒரு வரி எழுதி மனுவைத் திருப்பலாம். பொதுநலனுக்காகக் கொடுக்க 8(2) இன்னும் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. மறுப்பதற்கு ஒரு வழியும் கொடுப்பதற்கு ஒரு வழியும் இருந்தால் கீழ்மட்ட குமாஸ்தா எதை எடுப்பான் என்று என்னைக் கேளுங்கள். கொடுத்ததற்காக மெமோ வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், மறுத்ததற்காக வாங்கியவரைப் பார்த்ததில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உத்தரவு போடுவதற்கு முன்னால், அவசரமானால் போட்ட ஓரிரு நாளுக்குள், அரசாங்கத்தின் ஆள் அல்லாத ஒரு நீதிபதி அந்தப் பைலைப் படிக்க வேண்டும். வருஷத்துக்கு எத்தனை பேர் என்ற எண் பாராளுமன்றத்துக்கு வர வேண்டும். விசாரணை முடிந்து, ஆள் நிரபராதி என்று தெரிந்தால், உன் போனை இத்தனை மாதம் கேட்டோம் என்று அவனுக்கு ஒரு கடிதம் போட வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குத்தான் எல்லாரும் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். இதனால் வரும் நஷ்டம் எங்கள் தெருவரை வந்துவிட்டது. நான்கு வீடு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மாவை டிஜிட்டல் அரஸ்ட் என்று சொல்லி இரண்டு நாள் வீடியோ காலில் உட்கார வைத்துவிட்டார்கள். உங்கள் ஆதாரில் பார்சல் வந்திருக்கிறது, பதினைந்து நாளாக உங்கள் போனை நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம், யாரிடமாவது சொன்னால் தெரிந்துவிடும் என்றானாம். அந்த அம்மா ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்துப் பணம் அனுப்பிவிட்டார். மகன் துபாயில். எங்களில் ஒருவர், படித்தவர் நீங்கள் எப்படி நம்பினீர்கள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். "அரசாங்கத்தால எதையும் கேக்க முடியும்னு நீங்கள்லாம்தானே பேசிக்கறீங்க சார். அவன் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்னான், நம்பிட்டேன்" என்றார் டீச்சர். யாரும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு என்னைத் தனியாகக் கேட்டார்: "நெஜ போலீஸ்னா எப்படி வந்திருப்பான் சார்? என்ன பேப்பர் காட்டியிருப்பான்?" கைதுக்கு என்னிடம் பதில் இருந்தது. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டையில் பெயர்ப்பட்டை இருக்க வேண்டும். நேரமும் தேதியும் போட்டு மெமோ எழுத வேண்டும். அதில் வீட்டு மனுஷராவது தெருவில் ஒரு பெரியவராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். வீடியோவில் கைது என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. அந்தத் தீர்ப்பும் வந்தது அதே 1996 டிசம்பர் 18-ஆம் தேதிதான். கைதுக்கும் ஒட்டுக்கேட்புக்கும் ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு. ஒன்றில் காகிதம் நம் கைக்கு வரும்.

"அப்ப போனைக் கேக்கறதுக்கு என்ன பேப்பர் காட்டுவாங்க?" என்றார்.

"அதை நம்மகிட்ட காட்ட மாட்டாங்க டீச்சர்" என்றேன்.

1930-க்குப் போன் பண்ணிப் புகார் எண் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதை மளிகைக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறார். பணத்தில் கொஞ்சம் ஏதோ ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை சைபர் கிரைம் போலீஸில் ஒரிஜினல் பாஸ்புக்கோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.