நடுவில் ஒடுங்கும் பேராறு



முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிந்து, திருவரங்கத்தைத் தீவாக்குவதை நாம் அறிவோம். ஆற்றின் வழி நடுவே குறுகினால், மேலே வெள்ளம் ஏறும். கீழே கால்வாய்கள் வறளும். நம் உடலிலும் இத்தகைய ஆறு ஒன்றுண்டு. இதயத்தினின்று புறப்பட்டு, வயிற்றினுள் இறங்கி, குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் கிளைவிட்டு, கால்களை நோக்கிப் பிரியும் பெருந்தமனியே அது.

அரிதாகச் சிலருக்கு இத்தமனி வயிற்றுப் பகுதியில் ஒடுங்கிவிடுகிறது. பெருந்தமனி ஒடுக்கம் கண்ட நூறு பேரில் இரண்டு பேருக்குக்கூட இவ்விடத்தில் அது நேர்வதில்லை. பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் பி. கே. சென் குழுவினர் 1963-இல் இந்நோயை விரித்தெழுதி, 'மிடில் அயோர்ட்டிக் சிண்ட்ரோம்' எனப் பெயரிட்டனர். சிலருக்கு இது பிறவிக் குறை. நம் நாட்டிலோ, 1908-இல் ஜப்பானிய கண் மருத்துவர் தகாயாசு முதலில் விவரித்த தமனி அழற்சியே பெரும்பாலும் காரணமாகிறது. இளம்பெண்களையே அது மிகுதியும் பற்றுகிறது.

சிறுநீரகங்களுக்கு இரத்தம் குறையவே, உடலில் இரத்தம் போதவில்லையென்று அவை மயங்கி, இரத்த அழுத்தத்தை மேன்மேலும் உயர்த்துகின்றன. கையில் அழுத்தம் மிகுந்திருக்கும். காலில் நாடி தளர்ந்திருக்கும். சிறிது தூரம் நடந்தாலே கால் வலிக்கும். சிறுவர்க்கு இரத்தக் கொதிப்பு ஏது என்று எண்ணுவதால், நோய் பல்லாண்டுகள் மறைந்தே கிடக்கிறது. கவனியாது விட்டால் இதயம் தளரும்; மூளையில் இரத்தக்கசிவு நேரும்; சிறுநீரகம் பழுதுறும். முற்காலத்தில் இந்நோயுற்றோர் பலர் நாற்பது வயதைத் தாண்டியதில்லை.

இன்று நிலைமை வேறு. மருந்துகள் உண்டு, தமனியைப் பலூனால் விரிக்கலாம், செயற்கைக் குழாய் பொருத்தி மாற்றுவழி அமைக்கலாம். உரிய சிகிச்சை பெற்ற பலர் நெடுங்காலம் நலமாய் வாழ்கின்றனர். ஆயினும் விரித்த இடம் மீண்டும் ஒடுங்கக்கூடும்; குழந்தை வளரும், பொருத்திய குழாய் வளராது. ஆகவே வாழ்நாள் முழுவதும் மருத்துவரின் கண்காணிப்பு தேவை.

இங்கேதான் நம் குடும்பங்கள் தவறுகின்றன. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வேளையில் நோயை மறைக்கின்றனர். மணமானபின் மாத்திரையையும் நிறுத்துகின்றனர். அழுத்தம் அடங்காத நிலையில் கருவுற்றால், தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. மறைத்துச் செய்த மணத்தில் அப்பெண் யாரிடம் தன் நிலையைச் சொல்வாள்?

பெற்றோரே! பிள்ளைக்கு ஓயாத தலைவலியோ கால் சோர்வோ இருப்பின், கையிலும் காலிலும் இரத்த அழுத்தத்தை அளக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். நோய் உண்டெனில், மணம் பேசும் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லுங்கள். நோயை அறிந்தே ஏற்கும் வீடுதான் அவளுக்கு மருந்தையும் தவறாது கொடுக்கும்.