யாருக்குத் திறக்கிற கதவு?



கடலூர் சிப்காட்டுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போகிற பையன், சிதம்பரத்தில் பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருக்கிற பையன் - இரண்டு பேர் கையிலும் அதே செல்போன், அதே சிவப்புப் பச்சைக் கோடு. நிஃப்டி ஏறும்னு கட்டுறான், எறங்கும்னு கட்டுறான். 'எஃப் அண்ட் ஓ' என்று பேர். கட்டுகிற பணம் அம்மா குழுவில் வாங்கிய கடனாக இருக்கும், அடகு வைத்த தோடாக இருக்கும்.

"இங்க யாரும் சாதி கேக்கறதில்லண்ணா" என்கிறான் தம்பி. அதை லேசாகத் தள்ள முடியாது. அம்பேத்கர் 1917இல் வெளிநாட்டிலிருந்து திரும்பியபின் பம்பாயில் பங்கு வியாபாரத்துக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுபோனார்கள். தொழில் படுத்தது. 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிப் புத்தகமே எழுதியவருக்கு அந்தக் கதி! அவருக்கு மூடிய கதவு நமக்குச் சில நிமிஷத்தில் திறக்கிறதே, ஏன்?

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். போனது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். முக்கால்வாசிப் பேர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே என்று சொன்னவர்கள். 2023-24இல் மட்டும் சொந்தக் கணக்கில் ஆடிய தரகு நிறுவனங்கள் 33,000 கோடி, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடி லாபம் பார்த்தார்கள், செலவு கழிக்காமல். அவர்கள் லாபத்தில் பெரும்பகுதி கம்ப்யூட்டரே போட்ட ஆர்டர்களில் வந்தது. நம் தம்பி கட்டைவிரலால் அதனோடு மல்லுக்கட்டுகிறான். அந்த ஆய்வில் வயது இருக்கிறது, வருமானம் இருக்கிறது, சாதி இல்லை.

சின்னத் தொகை கட்டினால் லட்சக்கணக்கான ஒப்பந்தம் கைக்கு வரும். கணக்கு முடிகிற நாளில் விலை நாம் சொன்ன பக்கம் போகாவிட்டால் கட்டியது பூஜ்ஜியம். ஒத்தையா ரெட்டையா ஆட்டம்தானே? பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டுச் சட்டம். 1999இல் பங்குச் சந்தைச் சட்டத்தைத் திருத்தி இதற்கு மட்டும் வழிவிட்டார்கள். 2025இல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மிக்குத் தடை வந்தது. சூதாடினால் குற்றம், சந்தையில் சூதாடினால் முதலீடு!

நம் பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல. தொழில் தொடங்கக் கடன் கேட்டால் ஜாமீன் கேட்கிறான். நிலம் இல்லை, வேலை இல்லை. திறந்து கிடப்பது இது ஒன்றுதான். தோற்பதற்கு ஆள் வேண்டும், அதனால்தான் சாதி கேட்கவில்லை.

தில்லையில் நந்தனுக்கும் ஒருநாள் கதவு திறந்தது. நெருப்பு வழியாக வா என்றார்கள். போனவன் திரும்பவில்லை. அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தன் பேரில் திறந்தது கல்விக் கழகத்தின் கதவு. எது நம் கதவு என்று நமக்குத் தெரியும்.

கடன்பட்டு முகம் மறைக்கிற தம்பியை ஏசாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அப்புறம் நிலத்தையும் வேலையையும் சேர்ந்தே கேட்போம்.