சிக்னல் எட்டாத அறையில் நோடு எதற்கு?

கடலூர், சிதம்பரம் வீடுகளில் இணைய இணைப்பைச் சரிசெய்து தருவது என் தொழில். மெஷ் வைஃபை வாங்கியும் பின்கட்டில் இணையம் வரவில்லை என்று பலர் அழைக்கிறார்கள். பெரும்பாலும் கருவியில் பழுதிருக்காது; வைத்த இடம்தான் தவறாக இருக்கும்.

சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு பழைய வீடு. வாசலில் ரௌட்டர், சிக்னலே எட்டாத கடைசி அறையில் நோடு, அதாவது ரௌட்டரின் சிக்னலை வாங்கிப் பரப்பும் மெஷ் கருவி. தனக்கே கிடைக்காததை அது எப்படிப் பரப்பும்? முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்துக்கு நோடை மாற்றியதும் பின்கட்டில் வீடியோ தடையின்றி ஓடியது. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது; ஆனால் தடித்த சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும்; வேகம் குறைவு. அலை எளிதில் ஊடுருவாத கடலூர் மஞ்சக்குப்பத்து கான்கிரீட் மாடி வீடுகளில் லேன் கேபிள் இழுத்து நோடை இணைப்பதே உறுதியான வழி.

நோடு சேரவே மறுத்தால், ரௌட்டர் பக்கத்தில் வைத்து இணைத்துவிட்டுப் பிறகு நகர்த்துங்கள். இணைய நிறுவனத்தின் பெட்டியும் மெஷ்ஷும் ஒருசேர ரௌட்டராக இயங்கிச் சிக்கல் வந்தால், ஒன்றை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரௌட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு, மாற்றுங்கள்.

இந்த வேலைகளெல்லாம் வாடிக்கையாளர் தலையில் விழக் கூடாது. பொருத்த வருபவர் ஒவ்வோர் அறையிலும் வேகத்தைச் சோதித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். காசு கொடுப்பவர்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.