பனிமூட்டம் என்ற ஒரு சொல்

புதன்கிழமை காலை சரக்கு வந்துவிடும் என்று ஒரு மளிகைக் கடைக்காரரிடம் நாம் சொன்னால் அது வாக்கு. லாரி வழியில் நின்றுவிட்டால் உடனே போன் செய்து, எங்கே நிற்கிறது, எப்போது வரும் என்று சொல்லிவிடுகிறோம். சொல்லாத மொத்த வியாபாரிக்கு அடுத்த ஆர்டர் கிடையாது. பல ஆயிரம் ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் விமானக் கம்பெனிகளிடம் இந்த நாணயத்தைக் காணோம்.

2025 ஜனவரியில் கடலைப்பருப்புக் கொள்முதலுக்காகப் பழைய டில்லி நயா பஜாருக்குப் போக வேண்டியிருந்தது. எனக்குப் புதிய ஊர், இந்தியும் வராது. பிற்பகல் 2 மணி வரை சரக்கை நிறுத்தி வைப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். சென்னையில் காலை 6 மணிக்கு விமானம். அரை மணி தாமதம் என்றார்கள். பிறகு இன்னோர் அரை மணி. இப்படியே நறுக்கி நறுக்கிப் பகல் 12.50க்குத்தான் கிளம்பியது. ஆறு மணி நேரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு கம்பெனி விமானத்தில் போயிருக்கலாம். பஜாருக்குள் நுழைந்தபோது மாலை 6 மணி. சரக்கு கை மாறிவிட்டது. மறுநாள் வேறிடத்தில் குவிண்டாலுக்கு 150 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினேன்.

கவுண்டரில் கேட்டால் ஒரே பதில், டில்லியில் பனிமூட்டம். மார்கழி, தை மாதங்களில் அங்கே மூட்டம் இருப்பது உண்மைதான். காலையில் அங்கே சிக்கும் விமானமே அடுத்தடுத்து நாலைந்து ஊர்களுக்குப் பறக்க வேண்டியது என்பதால், வெயில் காயும் மதுரையிலும் மாலை வரை தாமதம் தொடரும். இதெல்லாம் புரிகிறது. ஆனால் எங்கள் விமானம் முதல் நாள் இரவே சென்னைக்கு வந்துவிட்டது என்றும், விமானிதான் வரவில்லை என்றும் ஓர் ஊழியர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

காரணம் எதுவானால் என்ன என்று அன்பர்கள் நினைக்கலாம். பணமே அதில்தான் இருக்கிறது. டி.ஜி.சி.ஏ. விதிப்படி, பயண நேரம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் 2 மணி நேரமும், ஐந்து மணி வரை உள்ளது 3 மணி நேரமும் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். 6 மணிக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டியது 6 மணிக்கு மேல் தாமதமானால் ஓட்டல் அறை. ஆனால் வானிலை போன்ற தவிர்க்க முடியாத காரணம் என்றால் சாப்பாடு, அறைப் பொறுப்பிலிருந்து கம்பெனி விலகிக்கொள்ளலாம். பனிமூட்டம் என்று ஒரு சொல் சொன்னால் இட்லிச் செலவுகூட மிச்சம்!

எங்கள் வரிசையில் ராஜஸ்தான் வியாபாரி ஒருவர் நின்றார். சத்தம் போடவே இல்லை. "காரணத்தை எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டார். நாங்கள் பத்துப் பேர் அவர் பின்னால் நின்றோம். எழுதித் தரவில்லை, கால் மணியில் சாப்பாட்டுக் கூப்பன் வந்தது.

தாமத விவரத்தை உடனுக்குடன் வெளியிட வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. 2024 ஜனவரியிலேயே கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டது. ஆண்டுதோறும் அதே மாதத்தில் வரும் மூட்டத்தை எதிர்பாராதது என்று எத்தனை வருஷம் சொல்வார்கள்? தீபாவளிக் கூட்டம் எதிர்பாராமல் வந்துவிட்டது, சர்க்கரை இல்லை என்று நாம் சொன்னால் ஜனங்கள் சிரிக்க மாட்டார்களா?

வடக்கே கொள்முதலுக்குப் போகும் நம்மவர்கள் போர்டிங் பாஸையும் செல்போனுக்கு வரும் தாமதச் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருக்கட்டும். வழியில் விமானம் மாற வேண்டுமானால் ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது. தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. மத்திய அரசின் ஏர்சேவா மூலம் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இடமுண்டு. வியாபாரப் பயணம், நீர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடக்கூடும். வக்கீலைக் கலந்துகொள்வது உத்தமம்.

மூன்று மணிக்கு மேல் தாமதமானால், கேட்கும் பயணிக்கெல்லாம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று விதியில் சேர்க்கும்படி மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு நமது சங்கம் மனு அனுப்ப வேண்டும். அடுத்த மார்கழிக்கு முன் அனுப்பினால் உபயோகமாக இருக்கும்.